பழைய பாரம், புதிய பெட்டி

காலை பத்து மணிக்குத் தட்கல் திறந்ததும் நாடு முழுக்க லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் முண்டியடிக்கிறார்கள். அந்த நெரிசலைத் தாங்கி நிற்கும் கணினி எதுவென்று யாரும் கேட்பதில்லை; சீட்டு உறுதியானதா என்பதுதான் கவலை. கேட்காத அந்தக் கேள்விக்கான விடை 2025-இல் ரயில்வே அமைச்சகம் நாடாளுமன்றத்துக்குத் தந்த பதிலில் இருந்தது. அப்போதைய முன்பதிவு அமைப்பு 2010-இல் நிறுவப்பட்டது. ஐடானியம் சர்வர்களில், ஓப்பன்விஎம்எஸ் என்ற இயங்குதளத்தில் ஓடியது. நிமிடத்துக்குச் சுமார் 25,000 டிக்கெட்டுகளைப் பதிவு செய்தது. அதை நான்கு மடங்காக்கும் புதிய அமைப்பு தயாராகிறது என்பது செய்தியின் மறுபாதி.

சர்வர் அறையில் வேலை பார்க்கிறவர்கள் இந்தச் செய்தியில் 'ஐடானியம்' என்ற சொல்லைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். இன்டெல் தன் கடைசி ஐடானியம் சிப்பை அனுப்பிவைத்துக் கணக்கை முடித்தது 2021 ஜூலையில். தயாரித்தவரே கைகழுவிய சிப், தீபாவளி முன்பதிவைச் சுமந்துகொண்டிருந்தது.

இதில் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. நிறுவனங்களுக்கான சர்வர்களின் அறுபதாண்டுக் கதையை வேகத்தின் கதையாகவே எழுதுவது வழக்கம்: இத்தனை மெகாஹெர்ட்ஸ், இத்தனை கோர், இத்தனை டெராபைட். அதையே சுமையின் கதையாகப் படித்தால் பல முடிச்சுகள் அவிழ்கின்றன. முந்தைய தலைமுறையின் மென்பொருளை முணுமுணுக்காமல் தோளில் ஏற்றிக்கொண்ட இயந்திரங்கள் பிழைத்தன. எத்தனை கெட்டிக்காரத்தனமாக வடிவமைக்கப்பட்டிருந்தாலும், 'எல்லாவற்றையும் எனக்காகத் திருப்பி எழுதுங்கள்' என்று கேட்டவை மடிந்தன.

இந்தப் பாடத்தை முதலில் படித்தது ஐபிஎம். 1960-களின் தொடக்கத்தில் அதன் கணினிகள் ஒன்றோடொன்று பேசாத குடும்பங்கள். 1401-இல் சம்பளப் பட்டியல் போட்ட நிறுவனம் வளர்ந்து 7000 வரிசைக்கு மாறினால் நிரல்களைத் திரும்ப எழுத வேண்டும். 1964 ஏப்ரல் 7 அன்று அறிவிக்கப்பட்ட சிஸ்டம்/360 இதை மாற்றியது. சிறியது முதல் பெரியது வரை ஒரே கட்டளைத் தொகுப்பு. சின்ன மாடலில் எழுதிய நிரல் பெரிய மாடலில் அப்படியே ஓடும். ஜீன் ஆம்டால் கட்டமைப்பை வகுத்தார், ஃபிரெட் பிரூக்ஸ் திட்டத்தை நடத்தினார். ஐநூறு கோடி டாலர் செலவானதாகச் சொல்வார்கள். நிறுவனத்தையே பணயம் வைத்த தொகை அது. அந்த வரிசையின் மாடல் 30-க்கு இன்னொரு வித்தையும் தெரிந்திருந்தது: 1401-க்கு எழுதிய பழைய நிரல்களை, 1401 போலவே நடித்து ஓட்டிக்காட்டும். வாடிக்கையாளரைப் புதுவீட்டுக்கு அழைத்தவர்கள் பழைய சாமான்களுக்கும் இடம் ஒதுக்கியிருந்தார்கள்.

அந்தக் குடும்பத்தின் அடுத்த தலைமுறையான சிஸ்டம்/370-இன் 155 மாடல் 1973-இல் ஜெர்மானிய உதவியோடு சென்னை ஐஐடிக்கு வந்தது. குடும்பம் அதோடு நிற்கவில்லை. முகவரியின் நீளம் 24 பிட்டிலிருந்து 1983-இல் 31 பிட்டானது, 2000-இல் வந்த இசட்900-இல் 64 பிட்டானது. எந்த முறையும் பழைய நிரல்கள் வாசலுக்கு வெளியே நிறுத்தப்படவில்லை. 1991-இல் ஸ்டூவர்ட் ஆல்சப் என்ற பத்திரிகையாளர், இந்த வகைப் பெருங்கணினிகளில், அதாவது மெயின்பிரேம்களில், கடைசியானது 1996 மார்ச் 15 அன்று நிறுத்தப்படும் என்று நாள் குறித்தார். நாள் வந்தது, போனது. 2025-இல் ஐபிஎம் இசட்17-ஐ வெளியிட்டது. இடையில் 1994 வாக்கில், மெயின்பிரேமின் உயிர்நாடியாக இருந்த இருமுனை டிரான்சிஸ்டர்களைக் கைவிட்டு, சாதாரணக் கணினிகளில் இருந்த சீமாஸ் சிப்புகளுக்கு ஐபிஎம் மாறியது. முதலில் வந்த சீமாஸ் இயந்திரங்களின் தனிச் சிப் பழையவற்றைவிட மெதுவானது. பல சிப்புகளைச் சேர்த்துக் கட்டி ஈடுசெய்தார்கள். வங்கிகள் அதைப் பெரிதுபடுத்தவில்லை. கோபோல் மொழியில் எழுதிய அவற்றின் நிரல்கள் மறுநாள் காலையும் ஓடின, அது போதும்.

ரயில்வே டிக்கெட்டின் வம்சம் வேறு. மாசசூசெட்ஸில் இருந்த டிஜிட்டல் எக்யுப்மென்ட் நிறுவனம், சுருக்கமாக டெக், 1977-இல் வாக்ஸ் என்ற 32-பிட் கணினியையும் அதற்கான விஎம்எஸ் இயங்குதளத்தையும் வெளியிட்டது. டெல்லியில் 1985-இல் கணினி முன்பதிவு தொடங்கியபோது ஓடியது வாக்ஸ்-11/750, நிரல் ஃபோர்ட்ரானில். பின்னால் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என ஐந்து மையங்களும் பிணைக்கப்பட்டு, சென்னையில் நின்றுகொண்டு ஹவுராவிலிருந்து புறப்படும் வண்டிக்குச் சீட்டு எடுக்க முடிந்தது. 1992-இல் டெக் தன் 64-பிட் ஆல்ஃபா சிப்பைக் கொண்டுவந்தபோது, வாக்ஸ் நிரல்களை ஆல்ஃபாவுக்கு மொழிபெயர்த்துத் தரும் கருவியையும் கூடவே கொடுத்தது. ஆல்ஃபா அந்தக் காலத்தின் மிக வேகமான சிப்புகளில் ஒன்று; டெக்கின் கணக்குப் புத்தகம் அத்தனை வேகமாக இல்லை. 1998-இல் காம்பேக் 960 கோடி டாலருக்கு டெக்கை வாங்கியது. 2001-இல் ஆல்ஃபாவை நிறுத்திவிட்டு ஐடானியத்துக்கு மாறப்போவதாக அறிவித்தது. அடுத்த ஆண்டு காம்பேக்கையே எச்பி வாங்கிவிட்டது. இத்தனை கைமாறியும் விஎம்எஸ் சாகவில்லை. ஐடானியத்தில் ஏறிக்கொண்டது.

ஐடானியம் எதற்காகப் பிறந்தது? எச்பியும் இன்டெலும் 1994-இல் கூட்டு அறிவித்தன. கட்டளைகளை எந்த வரிசையில், எவற்றை ஒன்றாக இயக்குவது என்று ஓடும் நேரத்தில் சிப் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலரே முன்கூட்டித் தீர்மானித்துக் கொடுக்கட்டும் என்பது யோசனை. காகிதத்தில் அழகாக இருந்தது. கல்யாணப் பந்தியில் யார் எப்போது உட்காருவார், எதை மறுமுறை கேட்பார் என்று முதல்நாளே எழுதி வைத்துப் பரிமாறுவது மாதிரி. மெமரியிலிருந்து தரவு எப்போது வந்துசேரும் என்பது ஓடும்போதுதான் தெரியும்; கம்பைலருக்கு அது எப்படித் தெரியும்? பழைய எக்ஸ்86 நிரல்களை முதல் ஐடானியம் ஓட்டியது, ஆனால் மிக மெதுவாக. 2001-க்குள் ஆண்டு விற்பனை 3,800 கோடி டாலரைத் தொடும் என்று ஐடிசி ஆய்வு நிறுவனம் 1997-இல் கணித்திருந்தது. முதல் சிப் சந்தைக்கு வந்ததே 2001 ஜூனில்தான். சிப் வரும் முன்பே, அதன் பெயரைக் கேட்டே போட்டிச் சிப்புகள் சிலவற்றை அவற்றின் சொந்தக்காரர்கள் மூட்டைகட்ட ஆரம்பித்திருந்தார்கள் என்பது இந்தக் கதையின் விசித்திரம்.

அடி விழுந்தது எதிர்பாராத பக்கத்திலிருந்து. 2003 ஏப்ரலில் ஏஎம்டி வெளியிட்ட ஆப்டெரான், எக்ஸ்86-ஐத் தூக்கி எறியாமல் அதன் மேலேயே 64-பிட்டைக் கட்டியது. பழைய 32-பிட் நிரல்கள் முழு வேகத்தில் ஓடும். 64-பிட் தேவைப்படும்போது மாறிக்கொள்ளலாம். மெமரியைக் கட்டுப்படுத்தும் பகுதியையும் சிப்புக்குள்ளேயே வைத்தார்கள். அடுத்த ஆண்டே இன்டெல் தன் ஜியான் சிப்பில் அதே கட்டளைத் தொகுப்பைச் சேர்க்க வேண்டியதாயிற்று. ஐடானியத்தின் கூட்டாளியான எச்பியே 2004-இல் ஆப்டெரான் சர்வர்களை விற்கத் தொடங்கியது.

அதற்குப் பிறகு ஐடானியம் செத்தும் சாகாமல் பதினேழு ஆண்டு ஓடியது. 2011-இல் ஆரக்கிள் இனி ஐடானியத்துக்கு மென்பொருள் எழுதமாட்டோம் என்றது. எச்பி வழக்குப் போட்டது. சிப்பைத் தொடர்ந்து தயாரிப்பதற்காக எச்பி இன்டெலுக்கு மொத்தம் 69 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டிருந்த விவரம் அந்த வழக்கில் வெளியானது. 2016-இல் நடுவர் குழு எச்பிக்கு 300 கோடி டாலர் நஷ்டஈடு வழங்கியது. ஓப்பன்விஎம்எஸ்ஸை 2014-இல் தனி நிறுவனம் ஒன்று பொறுப்பேற்று, 2022-இல் எக்ஸ்86-க்குக் கொண்டுவந்தது. வாக்ஸ், ஆல்ஃபா, ஐடானியம், எக்ஸ்86 என்று நான்கு உடல் மாறிய ஒரே மென்பொருள்.

எல்லோரையும் விழுங்கிய எக்ஸ்86 சர்வர் எங்கிருந்து வந்தது என்றால், மேசைக் கணினியிலிருந்து. 1989 நவம்பரில் காம்பேக் சிஸ்டம்ப்ரோ என்ற கோபுரப் பெட்டியை வெளியிட்டது: இரண்டு பிராசசர் வைக்கலாம், ஒரு டிஸ்க் கெட்டால் தரவு போகாதபடி ரெய்டு உண்டு. அதன் விரிவாக்கப் பாதையான ஈசா, பழைய கணினிகளின் அட்டைகளையும் ஏற்றுக்கொண்டது. அதே காலத்தில் ஐபிஎம்மின் பிஎஸ்/2 கணினிகளில் வந்த மைக்ரோசேனல் நுட்பத்தில் சிறந்தது, பழைய அட்டை எதுவும் அதில் பொருந்தாது. எது காணாமல் போயிற்று என்று சொல்ல வேண்டியதில்லை. 1993-இல் காம்பேக்கின் அடுத்த வரிசை வந்தது. ப்ரோலயன்ட் என்ற அந்தப் பெயர் இன்றும், எச்பியிலிருந்து பிரிந்த எச்பிஇ நிறுவனத்தின் பெட்டிகளின் முகப்பில் இருக்கிறது.

அந்த வரிசையின் டிஎல்380-ஐ ஒருமுறை திறந்து பார்க்கலாம். 2000-இல் முதல் தலைமுறை, 2025-இல் பன்னிரண்டாம் தலைமுறை. ஆரம்ப ஆண்டுகளிலேயே 2யு உயரத்தில், அதாவது மூன்றரை அங்குலத்தில், நிலைத்துவிட்ட பெட்டி. ரேக்கிலிருந்து தண்டவாளத்தில் இழுத்து மூடியைத் தூக்கினால் முன்னால் டிஸ்க்குகள். அதன் பின்னால் குறுக்கே ஒரு வரிசை மின்விசிறி. பிளாஸ்டிக் காற்றுத்தடுப்புக்குக் கீழே இரண்டு பிராசசர், இருபுறமும் மெமரிக் குச்சிகள். பின்கோடியில் இரண்டு பவர் சப்ளை. எந்தக் கைப்பிடி அரக்கு நிறமோ அதைச் சர்வர் ஓடும்போதே கழற்றலாம். நீல நிறமானால் அணைத்துவிட்டுத்தான் தொட வேண்டும். மூடியின் உட்புறத்தில் எந்தக் குழியில் எந்த வரிசையில் மெமரி போட வேண்டும் என்ற படம். நள்ளிரவில் கெட்டுப்போன விசிறியை மாற்ற வந்த ஆளுக்கு, ஐந்தாம் தலைமுறையில் கற்றது பத்தாம் தலைமுறையிலும் கைகொடுக்கும். வெளிக்கூடு மாறாமலிருப்பதும் ஒருவகைப் பழையதைச் சுமத்தல்தான்.

உள்ளே மட்டும் தலைகீழ் மாற்றம். 2006-இன் ஜி5-இல், அதாவது ஐந்தாம் தலைமுறையில், மெமரிக் குழிகள் எட்டு. அதில் வந்த எஃப்பிடிம் என்ற மெமரிக் குச்சி ஒவ்வொன்றின் முதுகிலும் தனியாக ஒரு இடைச்சிப் உண்டு. அது தரவைக் கடத்தியதைவிட அறையைச் சூடாக்கியதுதான் அதிகம் என்று புலம்பியவர்கள் உண்டு. 2009-இன் ஜி6-இல் இன்டெல் கடைசியில் ஏஎம்டியின் வழிக்கு வந்து மெமரிக் கட்டுப்பாட்டைச் சிப்புக்குள் கொண்டுவந்தது, எஃப்பிடிம் சத்தமில்லாமல் மறைந்தது, குழிகள் பதினெட்டாயின. அடுத்தடுத்து இருபத்து நான்கு, முப்பத்து இரண்டு. ஜென்10-இல் ஒரு சிப்புக்கு 28 கோர் வரை. ஜென்11-இல் 64 வரை. ஜி5-இல் முதலில் வந்த சிப்புகளுக்கு இரண்டே கோர். ஜி5-இலிருந்து ஜி6-க்குப் போனதுதான் இந்தப் பெட்டியின் வரலாற்றில் உண்மையான பாய்ச்சல். மற்றவை பெரும்பாலும் படியேற்றம்.

இத்தனை கோர்களுக்கு வேலை கொடுத்தது மெய்நிகராக்கம். தொண்ணூறுகளின் பழக்கம், ஒரு மென்பொருளுக்கு ஒரு சர்வர். மின்னஞ்சலுக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, பிரிண்டருக்கும் ஒன்று. பெரும்பாலானவை நாள் முழுக்கச் சும்மா சுழன்றன. விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ் 2001-இல் வந்து, ஒரு பெட்டிக்குள் பத்துப் பெட்டிகளைப் பொய்யாக உருவாக்கிக் காட்டியது. புது வன்பொருளில் ஏறாத விண்டோஸ் என்டி 4.0 சர்வர்களை இப்படி அள்ளிப் போட்டுக்கொண்டதுதான் பல நிறுவனங்களில் அதன் முதல் பிழைப்பு. ஓடுகிற சர்வரை அணைக்காமலே ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் விமோஷன் 2003-இல் வந்தது. ஒரு சிக்கல்: புதிய சிப்பில் இருக்கும் கட்டளைகள் பழையதில் இருக்காது. அதற்கு விஎம்வேர் 2008-இல் கண்ட வழி, கூட்டத்திலேயே பழைய சிப்புக்குத் தெரிந்ததை மட்டும் தனக்கும் தெரிந்ததாகப் புதுச் சிப் காட்டிக்கொள்வது. லட்சங்கள் கொடுத்து வாங்கிய புதிய சிப்பை, முந்தைய தலைமுறைபோல நடிக்கச் சொல்லி ஓட்டுகிறார்கள் நிர்வாகிகள். மாடல் 30-இன் வித்தை நாற்பத்து நான்கு ஆண்டு கழித்துத் திரும்பி வந்திருக்கிறது.

இங்கே உரிமக் கட்டணத்தையும் சொல்லியாக வேண்டும். வன்பொருள் கட்டுரைகளில் அது பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. மைக்ரோசாஃப்ட், எஸ்க்யூஎல் சர்வர் 2012-லும் விண்டோஸ் சர்வர் 2016-லும் கோர் எண்ணிக்கைக்குக் காசு கேட்கத் தொடங்கியது. 2023 நவம்பரில் விஎம்வேரை வாங்கிய பிராட்காம், ஒரு சிப்புக்குக் குறைந்தது 16 கோருக்குக் கட்டணம் என்றது. இதன் விளைவு சிப் பட்டியலிலேயே தெரிகிறது. ஏஎம்டியின் எபிக் 72எஃப்3-இல் எட்டே கோர், ஆனால் 256 எம்பி கேஷ். பொறியியலாகப் பார்த்தால் அது கிறுக்குத்தனமான சிப். ஆரக்கிள் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் மிகவும் நியாயமானது.

ஒரே கூட்டுக்குள் செருகும் பிளேடு சர்வர்களைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2006-இல் எச்பியின் சி7000 கூடு 10யு உயரத்தில் பதினாறு சர்வர்களை அடுக்கியது. அருமையான பொறியியல். ஆனால் கூட்டை வாங்கியவர் பிளேடுகளையும் அதே கம்பெனியில்தான் வாங்க வேண்டும். மெய்நிகராக்கம் வந்தபின் அத்தனை சிறு பெட்டிகள் தேவைப்படவும் இல்லை.

கூகுள் ஆரம்பத்திலிருந்தே வேறு பாதை. 1999-இல் அது ஒரு தட்டுக்கு நான்கு மலிவான மதர்போர்டுகளை, கார்க் தகட்டின் மேல் கிடத்தி ரேக்கில் அடுக்கியது. அவற்றில் ஒன்று இன்று கலிபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெட்டி கெட்டாலும் வேலை நிற்காமல் பார்த்துக்கொள்வது மென்பொருளின் பொறுப்பானது. கெட்டதைத் தூக்கிப் போடு. 2011-இல் ஃபேஸ்புக், ஆரிகனின் பிரைன்வில் மையத்துக்காக வடிவமைத்த சர்வர்களின் வரைபடங்களை ஓப்பன் கம்ப்யூட் என்ற பெயரில் எல்லோருக்கும் திறந்துவிட்டது. முகப்புத் தகடு இல்லை, பெயிண்ட் இல்லை, கம்பெனி முத்திரை இல்லை. மின்செலவு 38 சதவீதம் குறைவு என்றது ஃபேஸ்புக்.

இவர்களுக்குப் பழைய பாரம் குறைவு, மென்பொருளும் அவர்களுடையதே. அதனால்தான் ஆர்ம் சிப் இங்கே நுழைய முடிந்தது. வெளிச்சந்தையில் ஆர்ம் சர்வர் விற்க முயன்ற கால்செடா 2013 இறுதியில் கடையை மூடியது. அதே ஆர்மை 2018-இல் அமேசான் கிராவிடான் என்ற பெயரில் தன் மேகத்துக்குள் வைத்தபோது பிடித்துக்கொண்டது. லினக்ஸும் திறமூல நிரல்களும் மறுமுறை கம்பைல் செய்தால் ஓடும். சிப்பை வாங்குகிறவரும் செய்கிறவரும் ஒருவரே. ஐடானியம் கேட்டதையேதான் கிராவிடானும் கேட்டது: மறுபடி கம்பைல் செய்யுங்கள். கேட்ட இடம் வேறு.

ஏஐ சர்வர் இந்த விதிக்கு விலக்குபோலத் தோன்றும். என்விடியாவின் டிஜிஎக்ஸ்-1 2016-இல் எட்டு ஜிபியுவோடு 3,200 வாட் மின்சாரம் கேட்டது. 2022-இன் டிஜிஎக்ஸ் எச்100 அதிகபட்சம் 10.2 கிலோவாட். 2024-இல் அறிவித்த ஜிபி200 என்விஎல்72-இல் ஒரு ரேக்கே ஒரு சர்வர்: 72 ஜிபியு, ஏறத்தாழ 120 கிலோவாட். ஆனால் போட்டியாளர்களின் சிப் மலிவாகக் கிடைத்தாலும் வாடிக்கையாளர் தயங்குவது எதனால்? 2007-இல் வெளியான கூடா என்ற நிரலாக்கத் தளத்தில் எழுதிக் குவித்தவை அங்கேயே ஓடுகின்றன என்பதால்தான். எச்பி செய்யாமல் விட்டதை, ஐபிஎம் செய்ததை, என்விடியாவும் செய்திருக்கிறது.

வெப்பமும் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது. 1980-இன் ஐபிஎம் 3081-இல் நூற்றுக்கு மேற்பட்ட சிப்புகளை ஹீலியம் நிரப்பிய கூட்டில் அடைத்துத் தண்ணீரால் குளிர்வித்தார்கள். சீமாஸ் வந்ததும் குழாய்களைக் கழற்றி எறிந்துவிட்டு, விசிறிக் காற்று போதுமென்றார்கள். என்விஎல்72-க்குக் காற்று போதாது. ஒவ்வொரு தட்டுக்கும் குளிர்நீர்க் குழாய் போகிறது. தண்ணீரைக் கண்டால் பதறும்படி பழக்கப்பட்ட டேட்டா சென்டர் ஆட்கள் இப்போது கசிவு உணர்விகளையும் குழாய் இணைப்புகளையும் படிக்கிறார்கள். ஏஐ ரேக் சர்வர்களை ஆண்டுக்கு 50,000 என்ற அளவில் தன் புதுச்சேரி ஆலையில் தயாரிக்கப்போவதாக லெனோவோ 2024 செப்டம்பரில் அறிவித்தது. அந்த நிறுவனத்தின் சர்வர் தொழிலில் பெரும்பங்கு, 2014-இல் ஐபிஎம்மிடமிருந்து வாங்கிய எக்ஸ்86 பிரிவு.

ஒரு தலைமுறை எத்தனை ஆண்டு என்பதையும் இப்போது கணக்காளர்கள் முடிவு செய்கிறார்கள். சிப்புகளின் முன்னேற்றம் மந்தமானபோது, மூன்றாண்டில் மாற்றிய சர்வர்களை மேகக்கணினி நிறுவனங்கள் நீட்டிக்கொண்டே போயின. அமேசான் 2020-இல் மூன்றை நான்காக்கியது, 2022-இல் ஐந்து, 2024-இல் ஆறு. 2025 ஜனவரியில் அதே அமேசான், ஏஐ வளரும் வேகத்தைக் காரணம் காட்டி ஒரு பகுதிச் சர்வர்களின் ஆயுளை மீண்டும் ஐந்தாகக் குறைத்தது. அதே மாதத்திலிருந்து, ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா தன் சர்வர்களுக்கு ஐந்தரை ஆண்டு என்று நீட்டித்தது. ஒரே மாதிரிச் சிப்புகளை, ஒரே சந்தையில் வாங்குகிற இரண்டு கம்பெனிகள். தேய்மானக் கணக்கில் அரை ஆண்டு கூடினாலோ குறைந்தாலோ காலாண்டு லாபத்தில் பல கோடி டாலர் ஏறி இறங்கும் என்பதையும் பங்குச் சந்தைக்காரர்கள் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.